அடிபட்ட விமானத்தைத் தரையிறக்குவது எப்படி? சிமுலேட்டருக்குப் புதியவர்களுக்கு

எதிரி விமானத்தைச் சுட்டு விழுத்தச் சொல்லித்தர வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. சூடு வாங்கிய பிறகு என்ன செய்வது என்று யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. கல்லடியில் எங்கள் கூட்டத்துப் பொடியன்மார் அடிக்கடி கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினிப் போர்விமான சிமுலேட்டரை வைத்துச் சொல்கிறேன். அது இலவசம், கூடவே டிஎஃப்-51டி என்ற ஆயுதமில்லாத மஸ்டாங் விமானமும் சும்மா கிடைக்கும். ஐஎல்-2 என்ற இன்னொரு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், பட்டன்கள் மட்டும் மாறும். டவுன்லோட் பெரிது, இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். ஜொய்ஸ்டிக் என்றால் கைப்பிடியைத் திருகி ரடரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) இயக்கக்கூடியதாக வாங்குங்கள், லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ தாராளமாகப் போதும். மவுஸால் இந்த வேலை ஆகாது. கையில் மிச்சம் காசிருந்தால் அதற்கு யூபிஎஸ் வாங்குங்கள், தரையிறங்கும் நேரம் பார்த்துத்தான் நம் ஊரில் கரண்ட் போகும்.

படி 1: அமைப்புகள்

ஒப்ஷன்ஸில் கேம்ப்ளே பக்கத்தில் இம்மோர்டல் (அடி விழுந்தாலும் சேதமாகாத அமைப்பு) என்பதில் டிக் இல்லாமல் இருக்க வேண்டும். மிஷனுக்குள்ளும் தனியாக ஒரு ஒப்ஷன்ஸ் பட்டியல் உண்டு, அதில் என்ஃபோர்ஸ் (கட்டாயமாக்குவது) போட்டிருந்தால் உங்கள் அமைப்பு செல்லாது, அதையும் பாருங்கள்.

படி 2: வேண்டுமென்றே அடி வாங்குவது

மிஷன் எடிட்டரில் உங்கள் மஸ்டாங்கை 8,000 அடியில் வையுங்கள், பின்னால் பிஎஃப் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானம் ஒன்றைத் திறமை குறைந்த விமானியோடு வையுங்கள். காசு கொடுத்து வாங்காத விமானங்களையும் கணினி ஓட்ட விடலாம். இறக்கையில் அடி விழும்வரை நேராகப் பறங்கள். என்ஜின் பழுது மட்டும் பழக வேண்டுமென்றால் சண்டையே தேவையில்லை, விமானத்தின் ஃபெய்லியர்ஸ் பக்கத்தில் எந்தப் பழுது, எத்தனையாவது நிமிடத்தில், எத்தனை சதவீத வாய்ப்பில் என்று குறித்துவிடலாம்.

படி 3: அடி விழுந்தவுடன்

முதலில் இறக்கைகளை மட்டமாக்குங்கள், பிறகு உயரம் எடுங்கள். மறுகா வெப்பமானி. பின்னால் வெள்ளைப் புகை என்றால் பெரும்பாலும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது, த்ரொட்டிலைக் (என்ஜின் விசையை) குறைத்து ரேடியேட்டரின் காற்றுக் கதவைத் திறந்துவிடுங்கள். கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் முள் இறங்கியும் காட்டலாம், அதை நம்பி ஏமாற வேண்டாம். மஸ்டாங், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் எல்லாவற்றுக்கும் திரவத்தால் குளிரும் என்ஜின்தான், ஒரு குண்டு ரேடியேட்டரில் பட்டாலே கதை முடியத் தொடங்கும். பி-47 என்ற அமெரிக்க விமானத்தின் என்ஜின் காற்றால் குளிர்வது, அந்தப் பயம் இல்லை. (1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழும்பியவை இந்த ஹரிக்கேன்கள்தான். அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. எனக்கு ஹரிக்கேன் மேல் தனிப் பாசம், அதை விடுங்கள்.)

படி 4: மேலேயே மெதுவாக ஓட்டிப் பார்ப்பது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஓட்டை விழுந்த இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு, இழுவை கூட, அதனால் விமானம் அந்தப் பக்கமே சரியவும் திரும்பவும் பார்க்கும். வேகமாகப் பறக்கும்போது ஏலரோனுக்கு (விமானத்தை இடம் வலம் சரிக்கும் இறக்கைப் பலகை) வலு இருப்பதால் அது பெரிதாகத் தெரியாது. வேகம் குறையக் குறைய மூக்கைத் தூக்க வேண்டி வரும், அடிபட்ட இறக்கை நல்ல இறக்கைக்கு முன்பே ஸ்டால் ஆகும் (தூக்குவிசையை இழந்துவிடும்), அது ஓடுபாதைக்குக் கிட்ட வந்து நடந்தால் விமானம் குப்புறப் புரண்டுவிடும். கேம் அநியாயம் செய்கிறது என்று திட்டுவார்கள். அநியாயம் இல்லை, அசலிலும் அப்படித்தான். 1983-ல் இஸ்ரேலின் எஃப்-15 ஒன்று நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி வலது இறக்கையை ஏறக்குறைய முழுதாக இழந்தது. வேகம் குறைந்தபோது உருண்டது, ஆஃப்டர்பர்னரைப் (ஜெட் என்ஜினின் கூடுதல் உந்துவிசை) போட்டதும் கட்டுக்குள் வந்தது, கடைசியில் வழமையைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வந்து தரையிறங்கியது.

ஆகவே 6,000 அடிக்குக் குறையாமல் நின்று கொண்டு சில்லை இறக்குங்கள். ஃப்ளாப்பை (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) ஒவ்வொரு கட்டமாக இறக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் இறங்கி விமானம் உருளத் தொடங்கினால் அந்தக் கணமே மேலே எடுத்துவிடுங்கள், பிறகு அதைத் தொடவே வேண்டாம். (ஸ்பிட்ஃபயரில் கட்டங்களே கிடையாது, ஒன்றில் மேலே, இல்லாவிட்டால் முழுதாகக் கீழே.) இனி மணிக்குப் பத்து மைலாக வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வேகத்திலும் இறக்கையை மட்டமாகப் பிடிக்க எவ்வளவு ஸ்டிக் தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

மேசையில் இருக்கும் ஜொய்ஸ்டிக் ஸ்பிரிங்கில் ஆடுவது, அசல் விமானத்தில் கைக்கு வரும் பாரம் இதில் வராது, பாதிக்கு மேல் தள்ளிவிட்டதே உங்களுக்குத் தெரியாமல் போகும். வலப்பக்க கன்ட்ரோலோடு என்டரை அழுத்தினால் திரையில் ஒரு சிறிய சதுரக் கட்டம் வரும், ஸ்டிக்கும் ரடரும் எங்கே நிற்கின்றன என்று அது காட்டும். அதில் ஸ்டிக்கைக் காட்டும் புள்ளி நடுவிலிருந்து பாதி தூரத்தைத் தாண்டும் வேகம்தான் உங்கள் எல்லை. எழுதி வையுங்கள். அதோடு இருபது மைல் கூட்டினால் வருவதுதான் இன்றைக்கு உங்கள் தரையிறங்கும் வேகம். நல்ல மஸ்டாங் 120 மைல் அளவில் வந்து இறங்கும், உங்களுடையது 150 கேட்டால் 150-தான்.

படி 5: இறங்குவது

நீண்ட ஓடுபாதையாகத் தேடுங்கள். திருப்பங்களை அகலமாக, முடிந்தவரை நல்ல இறக்கையின் பக்கமாக எடுங்கள். மூன்று சில்லும் ஒன்றாகத் தொட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, முன் சில்லுகள் இரண்டையும் வேகத்தோடு தரையில் வைத்து, பிறகு த்ரொட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். சடாரென்று மூடினால் மூக்கு பக்கத்துக்குத் திரும்பும், ஏற்கெனவே சரிந்து கிடக்கும் விமானத்துக்கு அது தாங்காது.

பிறகு சேர்த்தது: மஸ்டாங்கைக் கடலில் இறக்கலாமா என்று வாழைச்சேனைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அதன் வயிற்றில் இருக்கும் காற்று வாய் தண்ணீரில் கோலிப் பிடித்து மூக்கை உள்ளே இழுக்கும், உயரம் இருக்கும்போதே பாரசூட்டில் குதிப்பதுதான் சரி.

இன்னொன்று: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், அடி வாங்காமலேயே விமானம் இடப்பக்கம் சரிகிறது என்றார். கையை எடுத்துவிட்டு, படி 4-ல் சொன்ன அதே சதுரக் கட்டத்தைப் பாருங்கள். புள்ளி நடுவில் நிற்காமல் ஒதுங்கி நின்றால் ஜொய்ஸ்டிக்தான் பழசு, எக்ஸிஸ் டியூன் என்ற ஜொய்ஸ்டிக் அமைப்பில் டெட்சோனை (நடுவில் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத இடம்) 3 அல்லது 4 வைத்துப் பாருங்கள். நடுவில் நின்றும் சரிந்தால் அது ப்ரொப்பெல்லரின் முறுக்கு, ட்ரிம் சக்கரத்தை (கை எடுத்தாலும் விமானம் நேராகப் பறக்கச் சரிசெய்வது) திருப்பினால் போதும்.