மேற்கோள் நோட்டு போடுவது எப்படி?

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. வேலைக்கு நடுவே மனிதர்களைப் பற்றி யாராவது உருப்படியாக ஒரு வரி எழுதியிருந்தால் தனி நோட்டில் குறித்துக்கொள்வேன். நீங்களும் ஒன்று போடுவதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். புத்தர், ஐன்ஸ்டைன் பெயரில் அவர்கள் சொல்லாதது நிறையச் சுற்றுகிறது. புத்தகத்தைத் திறந்து, முன்னும் பின்னும் படித்துவிட்டு, பக்க எண்ணோடு எழுதுங்கள்.

முன்னும் பின்னும் ஏன்? 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். புறநானூறு 192-ஐ முழுக்கப் படியுங்கள். நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை, சாவு புதிதில்லை, பேராற்று நீரோடு போகும் புணை (தெப்பம்) மாதிரி உயிரும் முறைவழியே போகும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார் கணியன் பூங்குன்றனார். அதனால்தான் 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடிக்கிறார். வியக்காமல் இருப்பதைவிட இகழாமல் இருப்பதற்கு ஒரு படி கூடுதல் அழுத்தம்! அந்த 'அதனினும்' இருக்கிறதே, அதற்காகவே என் நோட்டில் முதல் வரி இல்லை, கடைசி வரிதான் இருக்கிறது.

வரிக்குக் கீழே, சொன்னவர் எந்த நிலையில் இருந்து சொன்னார் என்று சுருக்கமாகக் குறியுங்கள். வறுமையில் இருந்து பழகு என்று எழுதிய ரோமானியத் தத்துவஞானி செனெகா பெரும் பணக்காரர். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் படிக்கும் தொனி மாறும்.

பிறகு, ஒத்துப்போகாத இருவரை எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நம் நற்குணங்கள் பெரும்பாலும் வேஷம் போட்ட தீய குணங்களே என்பார் பிரெஞ்சுப் பிரபு லா ரோஷ்ஃபூக்கோ. உள்நாட்டுப் போரில் முகத்தில் குண்டடிபட்டு, கண்பார்வையே போகப் பார்த்த மனிதர். 1665-இல் புத்தகம் போட்டார். எதிர்ப்பக்கத்தில் வள்ளுவர்: 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.' முன்னவர் நம்மையே சந்தேகிக்கச் சொல்கிறார். பின்னவர் அடுத்தவரை நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். ஒரு ஆள்மேல் கோபமாக இருக்கும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

தலைப்பை 'நட்பு', 'பொறாமை' என்று போட்டால் பின்னால் எதுவும் அகப்படாது. 'கடன் கேட்கும் நண்பனுக்கு என்ன பதில்?' என்பது போலக் கேள்வியாகப் போடுங்கள். தலைப்புகளை அகராதி வரிசையில் அடுக்க ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1686-இல் ஒரு வழிமுறையை வெளியிட்டார்: தலைப்பின் முதல் எழுத்து, அதை அடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இரண்டையும் வைத்துப் பிரிப்பது. தமிழில் ஒரு 'பொ'விலேயே இரண்டும் வந்துவிடுவதால் நமக்குப் பாதி வேலை மிச்சம்.

பழைய வரி இன்றைக்கு அபத்தமாகத் தெரிந்தால் அடிக்காதீர்கள். ஏன் என்று ஓரத்தில் எழுதி, தேதி போடுங்கள். பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோன்தேய்ன் தன் கட்டுரைகளின் 1588-ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்துக்கொண்டு, 1592-இல் சாகும்வரை அதன் ஓரங்களில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஆகவே ஓரம் அகலமான நோட்டாக வாங்குங்கள். சுருள்கம்பி வேண்டாம், இடதுபக்கம் எழுதும்போது கையைக் குத்தும்.