மலைநாட்டு மாயக்கதை எழுதுகிறீர்களா? தடையிலிருந்து தொடங்குங்கள்

மலைக்கிராமத்துப் பழங்கதைகளை வைத்து மாயக்கதை எழுத உட்கார்ந்தால், பலரும் முதலில் தேடுவது ஒரு விநோதப் பிராணியையோ தேவதையையோதான். அதை விட்டுவிட்டு, அந்த ஊரில் எதைச் செய்யக்கூடாது என்று பாருங்கள். கதை அங்கேதான் கிடக்கிறது.

ஜார்ஜியா நாட்டில், காகசஸ் மலையில் இருக்கும் ஸ்வனேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டாலி என்று ஒரு வேட்டைத் தெய்வம். பொன்னிறக் கூந்தல், செங்குத்துப் பாறைகளில் வாசம், மலையாடுகளுக்குக் காவல். சரி, இதெல்லாம் வெறும் வர்ணனை. வேட்டைக்காரனுக்கு உள்ள கட்டுப்பாடுகள்தான் விஷயம்: தேவைக்கு மேல் கொல்லக்கூடாது, வேட்டைக்கு முன் மனைவியோடு கூடக்கூடாது, டாலியே அவனை விரும்பினால் அதை வெளியே சொல்லக்கூடாது. மீறியவன் பாறையிலிருந்து விழுந்து சாவான். மனைவி, பசி, ரகசியம் எல்லாவற்றோடும் ஒரு மனிதன் நமக்குக் கிடைத்துவிட்டான் பாருங்கள்!

அப்புறம் இடம். அங்குள்ள உஷ்குலி ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் பாதை மூடிக்கொள்ளும். வீட்டை ஒட்டி நிற்கும் பழைய கல் கோபுரங்களில், அந்தக் காலத்தில் பகையாளி வந்தால் குடும்பமே ஏறிக்கொள்ளுமாம். பகை என்றால் வெளியூர்ப் படை மட்டுமல்ல, உள்ளூர்ப் பழிக்குப் பழியும்தான். தடையை மீறியவனை அப்படிப்பட்ட ஊரில், ஓட வழியில்லாத குளிர்காலத்தில் நிறுத்துங்கள். மந்திர வாளெல்லாம் தேவைப்படாது.

தெய்வத்தை முதல் பக்கத்திலேயே காட்டிவிடாதீர்கள். வெறுங்கையோடு திரும்பிய கணவனிடம் மனைவி என்ன கவனிக்கிறாள் என்பதை முதலில் எழுதுங்கள்.