கோவலனை வகுப்பறையில் படிக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ்வழியில் பயிலும் மாணவர்களுக்குக் கண்ணகி புதியவள் அல்லள். மூத்தாந்தறையில் கர்ணகியம்மனாகக் கோயில் கொண்டிருப்பவளை அவர்கள் சிறுவயதிலேயே அறிந்திருப்பார்கள். அதனாலேயே சிலப்பதிகாரப் பாடம் தொடங்கியதும் வகுப்பின் மனம் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கோவலனோ மனைவியை விட்டுப் போனவன் என்ற அளவில் முடிந்துவிடுகிறான். அவனை முழு மனிதனாகக் காணாத மாணவனுக்கு மதுரையில் விழும் வாள் ஒரு செய்தியாக மட்டுமே நிற்கும்.

ஆகவே கதைச்சுருக்கத்தையும் ‘நல்லவனா, கெட்டவனா’ என்ற பட்டிமன்றத்தையும் ஒத்திவைத்துவிட்டு, அவன் வாய்மொழியிலிருந்து தொடங்குங்கள். கானல்வரிக்கே முதலிடம் தரவேண்டும். புகார்க் கடற்கரையில் யாழை வாங்கிய கோவலன், சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் ஊடாதிருப்பாய் என்று காவிரியைப் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தியிடம் சென்றதாக எண்ணிய மாதவி, தானும் வேறொரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். வகுப்பை இரண்டாகப் பிரித்து இரு பாடல்களையும் வாய்விட்டுப் படிக்கச் செய்து, அதன்பின் ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: கோவலன் அவளிடம் ஏதேனும் விசாரித்தானா? மாணவர்கள் நூலைப் புரட்டித் தேடட்டும். ஒரு கேள்வியும் இராது. ‘மாயத்தாள்’ என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான்.

இந்த இடத்திலிருந்து நேரே கொலைக்களக் காதைக்குச் செல்லலாம். இடையிலுள்ள வழிநடையைச் சுருங்கச் சொன்னால் போதும். அங்கே பாண்டியனும் தேவியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருக்கிறான். பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல், கள்வன் கையில் சிலம்பு இருந்தால் ‘கொன்றச் சிலம்பு கொணர்க’ என்கிறான். இரு பகுதிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் போடுங்கள். ஊடலும் அவசரமும் கேளாமல் தீர்ப்பளித்தலும் இரண்டிலும் இருப்பதை மாணவர்களே கண்டு சொல்வார்கள். மாதவிக்குத் தான் செய்ததையே மன்னனிடமிருந்து கோவலன் பெறுகிறான் என்பதுதான், என் கருத்தில், இப்பாத்திரத்தின் உயிர்நாடி.

குறையை மட்டும் காட்டி நிறுத்துவது நேர்மையாகாது. அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் சொல்லும் கோவலனின் செயல்களை, குறிப்பாக யானையின் பிடியில் சிக்கிய முதிய அந்தணனை அவன் பாய்ந்து மீட்டதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எண்ணிப் பாராமல் பாயும் அதே இயல்பு அங்கே அருளாகவும் கடற்கரையில் கொடுமையாகவும் வெளிப்படுகிறது. மாதவியின் கடிதத்தைப் படித்தபின் அவள் தீதிலள் என்று தெளிந்து, ‘என் தீது’ என்று அவன் உணரும் புறஞ்சேரி இறுத்த காதையைத் தவறவிடக் கூடாது. பெருந்துன்பத்துக்கு ஆளாகும் நாயகன் முற்றிலும் நல்லவனோ தீயவனோ அல்லன், ஒரு பிழையால் வீழ்பவன் என்று அரிஸ்டாட்டில் கூறிய கருத்தை இங்கே அறிமுகப்படுத்தினால் அது மாணவர் மனத்தில் எளிதில் பதியும்.

“எல்லாம் ஊழ்வினைதானே, அவன் என்ன செய்வான்?” என்று யாராவது கேட்பார்கள். பதிகமே ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று சொல்வதால், அக்கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். கட்டுரைக் காதையில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கூறும் முற்பிறப்புக் கதையைக் காட்டுங்கள்: பரதன் என்ற பெயரில் பிறந்திருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பிடித்து அரசனிடம் காட்டிக் கொல்வித்தான். ஊழாக வந்ததும் ஆராயாத பழிதான் என்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள்.

கட்டுரைத் தேர்வுக்குப் பண்புகளைப் பட்டியலிடச் சொல்லும் வினாவைக் கொடுக்காமல், “கோவலன் மாதவியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது? நூலின் அடிகளைக் கொண்டு நிறுவுக” என்று கேளுங்கள். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் மாணவர்களுக்குச் செய்யுள் நடை கடினமாக இருக்குமாதலால், அடிகளைச் சீர் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டு, விடையை அவர்கள் சொந்த நடையில் எழுத விடுங்கள்.