நெஞ்செரிச்சல் இல்லாமல் தூங்க: தலைமாட்டுக்கு இரண்டு மரக்கட்டை

ஒன்றரை வருடம் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் எழுந்து உட்கார்ந்தவன் நான். தொண்டை வரை புளித்த தண்ணீர் எதுக்களித்து வரும், பின்னாலேயே இருமல் வரும். ஃப்ரிட்ஜைத் திறந்து குளிர்ந்த பால் அரை டம்ளர் குடிப்பேன். பத்து நிமிடம் இதமாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. பால் முதலில் தணித்தாலும், அதிலிருக்கும் புரதமும் கால்சியமும் இன்னும் அமிலம் சுரக்க வைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது வாரத்தில் ஆறு ராத்திரியாவது முழுத் தூக்கம். என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன்

நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, கூடவே வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், முதலில் ஈ.சி.ஜி. எடுக்கட்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, இதில் எது இருந்தாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாத சாதாரண நெஞ்செரிச்சல்காரர்களுக்குத்தான் மீதி.

படி 1: ராத்திரிச் சாப்பாடு

சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவில் மூன்று மணி நேரம். எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாராலும் முடியாததும் இதுதான். நான் வீடு வந்து சேரவே ஒன்பது ஆகும். அதனால் ஏழு மணிக்கு ஆபீசிலேயே நான்கு இட்லியை முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழம். சாப்பாட்டு நேரத்தை மாற்றவே முடியாதவர்கள் அளவையாவது பாதியாக்குங்கள். லுங்கி முடிச்சு, பாவாடை நாடா எதுவும் வயிற்றை இறுக்க வேண்டாம்.

படி 2: கட்டில்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பகலில் அமிலம் கொஞ்சம் மேலே வந்தாலும் தானாகக் கீழே இறங்கிவிடும். எச்சில் விழுங்க விழுங்க அது கழுவியும் விடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு, விழுங்குவதும் குறைவு. உடம்பும் தரைக்குச் சமமாகக் கிடக்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலிருக்கும் சுருக்குத்தசை கொஞ்சம் தளர்ந்தால் போதும், மேலே வந்த அமிலம் அங்கேயே நின்று எரிக்கும். ஆகவே தலைப்பக்கம் உயர வேண்டும்.

"உயரமா வச்சுப் படுங்க" என்று சொன்னதும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: மூன்று தலையணை. காலையில் கழுத்துப் பிடித்துக்கொண்டது, எரிச்சல் முன்னைவிட அதிகம். தலையணை தலையையும் கழுத்தையும்தான் தூக்குகிறது. உடம்பு இடுப்பில் மடங்கி வயிறு அழுந்துகிறது, பற்பசை டியூபை நடுவில் அமுக்குகிற மாதிரி. உயர வேண்டியது கட்டிலே.

எவ்வளவு? ஆறிலிருந்து எட்டு அங்குலம். பயந்துவிடாதீர்கள். ஆறேகால் அடிக் கட்டிலில் ஆறு அங்குலம் தூக்கினால் சாய்வு ஐந்து டிகிரிகூட வராது. முதல் வாரம் மூன்று அங்குலம் வைத்துப் பழகிவிட்டு ஆறுக்குப் போங்கள்.

எதை வைப்பது? நான் முதலில் வைத்தது செங்கல், ஒரு காலுக்கு இரண்டு. மூன்றாம் நாள் ராத்திரி நான் திரும்பிப் படுத்தபோது ஒரு கல் உடைந்து கட்டில் கால் சரிந்தது. 'தடார்' என்ற சத்தத்தில் கீழ் வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். தரை முழுக்கச் செம்மண் தூள். செங்கல் வேண்டாம். கட்டில் காலுக்கு அடியில் வைக்கக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கோப்பைகளிலும் எனக்கு நம்பிக்கையில்லை.

மரக்கடைக்குப் போய் அரையடிக்கு அரையடி வேப்பங்கட்டை இரண்டு அறுத்து வாங்குங்கள். தேக்கு தேவையில்லை. கட்டில் கால் நழுவாமல் உட்கார மேலே ஒரு அங்குல ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொல்லுங்கள். குழி ஒரு அங்குலம் என்றால் கட்டையின் உயரம் ஏழு அங்குலம் இருக்க வேண்டும். நான் இதைக் கணக்கில் எடுக்காமல் ஆறு அங்குலக் கட்டை வாங்கினேன். ஐந்துதான் உயர்ந்தது. தச்சர் சிரித்துக்கொண்டே அடியில் ஒரு பலகை அடித்துக்கொடுத்தார்.

டைல்ஸ் தரையென்றால் கட்டைக்கு அடியிலும் கால்மாட்டுக் கால்களுக்கு அடியிலும் பழைய வண்டி டியூபை வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் கட்டில் ராத்திரிக்கு ஒரு விரற்கடை வீதம் கால் பக்கம் நகரும். மெத்தையும் நழுவும், அதற்கு அடியில் ரப்பர் விரிப்பு. தூக்கும்போது தனியாகத் தூக்காதீர்கள். ஒருவர் தூக்க ஒருவர் கட்டையைத் தள்ளுங்கள்.

படி 3: இடப்பக்கம்

இரைப்பை வயிற்றில் இடப்பக்கமாகத் தொங்கும் பை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் பையின் பள்ளத்தில் தேங்கும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே இருக்கும். வலப்பக்கம் படுத்தால் தலைகீழ். 2022-ல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பக்கம் படுத்தாலும் அமிலம் மேலே வரும் தடவைகள் பெரிதாக மாறவில்லை; ஆனால் இடப்பக்கம் படுத்திருந்தபோது வந்த அமிலம் சீக்கிரம் இறங்கிவிட்டது. தூக்கத்தில் புரளாமல் இருக்க, தேவையில்லாமல் போன அந்த மூன்று தலையணைகளில் ஒன்றை முதுகுக்குப் பின்னால் அண்டை கொடுத்தேன்.

படி 4: மாத்திரை நேரம்

அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டோபிரசோல் வகை மாத்திரை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. நான் மாதக்கணக்கில் ராத்திரி சாப்பிட்டு, படுக்கையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். "எப்ப போடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இரைப்பையில் அமிலத்தைப் பாய்ச்சும் பம்புகள் சாப்பிடும்போதுதான் முழுவீச்சில் வேலை செய்யும், மருந்து அந்த நேரம் ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றைப் பூட்டும். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். ரொம்ப நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கலாம், கேட்டு நிறுத்துங்கள். நுரைக்கும் உப்புப் பொடியில் சோடியம் நிறைய, பி.பி. உள்ளவர்களுக்கு அது பழக்கமாகக் கூடாது.

எதைச் சாப்பிடலாம், கூடாது?

இதற்குப் பட்டியல் தர மாட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரம் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு எரிந்தது என்று எழுதுங்கள். என் நோட்டில் மாட்டியவை பரோட்டா-சால்னாவும், ஆறு மணி ஃபில்டர் காபியும். ரசத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன், அது நிரபராதி. எதிர்பாராமல் மாட்டியது சாப்பிட்டபின் போடும் புதினா மிட்டாய். புதினா அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்துமாம்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த சிலர் கேட்டார்கள்: "எங்கள் கட்டிலுக்குக் காலே இல்லை, அடியில் பெட்டி வைத்த கட்டில்." அதைத் தூக்க முயலாதீர்கள். மெத்தைக் கடையில் கெட்டி ஃபோமில் சாய்வு மெத்தை வெட்டித் தருவார்கள். தலைப்பக்கம் ஏழு அங்குலம், அங்கிருந்து சரிந்து கீழே பூஜ்யம். நீளம் இரண்டரை அடியாவது இருக்கட்டும், சாய்வு இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். குட்டையாக வெட்டினால் அதுவும் மூன்று தலையணைக் கதைதான். பாயில் படுப்பவர்களுக்கும் இதுவே.

இன்னொருவருக்கு பி.பி.க்கு அம்லோடிபின் ஆரம்பித்த பிறகு எரிச்சல் கூடியதாம். அந்த வகை மாத்திரைகள் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியவைதான். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள், மாற்று உண்டு.

"பக்கத்தில் படுப்பவர் என்ன சொன்னார்?" என்று கேட்டவர்களுக்கு: முதல் வாரம் "நான் ஏன் மலைச்சரிவில் படுக்கணும்?" என்றார். போன மாதம் கழுவிவிட கட்டையை எடுத்தபோது, அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.