கல்லடியில் ஒரு செடித்தொட்டி: முதலில் மண், பிறகு செடி, கடைசியில் மீன்

போன பங்குனியில் தங்கச்சியின் மகன் முகம் வாடி வந்து நின்றான். "பெரியம்மா, பதினாலு மீன் விட்டன். ஆறு நாளில எல்லாம் செத்துப் போச்சு. தண்ணி பளிங்கு மாதிரித்தான் கிடக்கு. கடையில மருந்து ஊத்தச் சொல்றாங்க."

"மருந்து ஊத்தாத மகன். தொட்டியைக் கழுவிக் காய வை. ஞாயிற்றுக்கிழமை வாறன், மண்ணில இருந்து தொடங்குவம்" என்றேன்.

அன்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்தாலும் பிறந்து வளர்ந்தது வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் செய்கிற குடும்பத்தில். பள்ளிக்கூடத்தில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் முதல் தொட்டியிலும் மீன் இப்படித்தான் செத்தது. அந்தக் கவலை எனக்கு நன்றாகத் தெரியும்.

பளிங்கு மாதிரித் தண்ணீரில் மீன் ஏன் சாகிறது? மீன் தன் பூ (செவுள்) வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். அது கண்ணுக்குத் தெரியாது. குளத்தில் ஒருவகை பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. வேறொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும், அளவோடு இருந்தால் மீன் அதைத் தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 கிழமை பிடிக்கும். பதினாலு மீனுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆனால் செடிகள் அமோனியாவை நேராகவே உறிஞ்சி உணவாக்கிவிடும். அதனால்தான் நான் யாருக்கும் முதலில் செடியை வைக்கச் சொல்கிறேன். வயலில் பயிரைப் பார்ப்பது போலத் தொட்டியில் செடியைப் பாருங்கள், மீனின் பாதி வேலை அதோடு முடிந்துவிடும்.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். அதில் ஏறக்குறைய 56 லீட்டர் கொள்ளும். இதைவிடச் சின்னத் தொட்டி லேசு என்று நினைக்காதீர்கள், தண்ணீர் குறையக் குறையச் சூடும் அழுக்கும் சீக்கிரம் ஏறும். நிரப்பினால் பாரம் 70 கிலோவைத் தாண்டும், ஆகவே பிளாஸ்டிக் மேசை ஆகாது. அடியில் ஒரு ரெஜிபோம் தகடு போட்டு, மேசன்மார் வைத்திருக்கும் மட்டத்தால் நாலு பக்கமும் பாருங்கள். யன்னல் வெயில் படாத இடமாகவும் இருக்கவேண்டும். என் முதல் தொட்டி மேற்குப் பக்க யன்னலடியில் இருந்தது, இரண்டு கிழமையில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல ஆகிவிட்டது.

இனி மண். இதில்தான் நேரத்தைச் செலவழிக்கவேண்டும்.

கடையில் விற்கும் வெளிநாட்டு மண் நல்லதுதான், ஆனால் விலை கூட. நான் சாதாரண மண்ணைத்தான் பாவிக்கிறேன். அம்மா வீட்டு வயல் வரம்போரம் எதுவும் தெளிக்காத ஒரு மூலை இருக்கிறது, அந்தக் களிமண் பாதி, வீட்டு வளவு மண் பாதி. களைநாசினி அடித்த வயல் மண் வேண்டவே வேண்டாம், செடி கருகிவிடும். யூரியா போட்ட மண்ணும், மாட்டெரு கலந்த மண்ணும் அமோனியாவை அள்ளிக் கொட்டும். பயிருக்கு எரு போட்டுப் பழகியவர்களுக்கு இதை நம்பக் கஷ்டம், எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெறும் மண்ணில் இருக்கிற சத்தே இந்தச் செடிகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காணும்.

மண்ணை வாளியில் ஊறவைத்து, மிதக்கிற வேரையும் சருகையும் வடித்து ஊற்றுங்கள். மூன்று நாலு தரம் செய்தபின் வெயிலில் காயவைத்து அரித்துக்கொள்ளுங்கள். 2 அடித் தொட்டிக்கு 5 லீட்டர் மண் போதும், ஓர் அங்குல உயரம் வரும். முன்கண்ணாடியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே மண்ணைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் முன்னால் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல், பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. கல்லடியில் இருக்கிறவருக்குக் கடற்கரை மணல் காலடியிலேயே கிடக்கிறது, நானும் முதல் தடவை அதைத்தான் அள்ளிக்கொண்டு வந்தேன். உப்பைக் கழுவினால் சரி என்று நினைத்தேன். அதில் சிப்பித்தூள் இருக்கிறது, அது சுண்ணாம்பு. மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், காரத்தன்மையும் ஏறும். எந்த மணலாக இருந்தாலும் ஒரு கைப்பிடியைச் சிரட்டையில் போட்டு வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த மணல் தொட்டிக்கு ஆகாது. வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் காட்டிக்கொடுக்கும். வீடு கட்ட இறக்கும் ஆற்று மணலை அரித்து, தூளையும் பெருங்கல்லையும் நீக்கி, கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை கழுவினால் அருமையான மணல். மகன் பத்து வாளித் தண்ணீரில் கழுவினான், இடுப்பு நோகுது என்றான். அதைச் செய்யாமல் விட்டால் ஒரு மாதம் கலங்கல் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் ஊரில் வீட்டுக்கு வீடு வேறு. நாங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், பல கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். தேத்தண்ணி போடப் பிடிக்காத தண்ணீரைச் செடிக்கும் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது, அதில் குளோரின் இருக்கும். அகன்ற பேசினில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகளைப் போடலாம். பேசினை ஒரு நுளம்பு வலைத் துண்டால் மூடுங்கள். மாரிக்குப் பிறகு எங்கள் பக்கம் டெங்கு என்ன பாடு படுத்துகிறது என்று சொல்லத் தேவையில்லை.

செடியில் எனக்கு ஒரே பிடிவாதம், கிரிப்டோகொரைன் வைக்காமல் தொட்டி தொடங்கவேண்டாம். உலகம் முழுக்க மீன்தொட்டிகளில் வளர்க்கிற கிரிப்டோகொரைன் வென்டி இலங்கைக்கே உரிய செடி. அந்த இனத்தில் மிகச் சிறியதான பார்வாவும் இலங்கைக்கே உரியது. நம்முடைய ஓடைகளில் பிறந்ததை நம்முடைய தொட்டியில் வைப்பதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். பலமான வெளிச்சம் கேட்காது, காபனீரொட்சைட்டுச் சிலிண்டரும் தேவையில்லை, நம்முடைய சூட்டையும் தாங்கும். இதோடு பின்வரிசைக்கு வலிஸ்நேரியா, வேகமாக வளர்ந்து ஆரம்ப அமோனியாவைக் குடிக்க ஒரு பிடி ஹைட்ரில்லா. அனுபியாஸ், ஜாவா பேர்ன் வாங்கினால் கிடைத்தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

முதல் நாளே தரை தெரியாத அளவுக்குச் செடி நடுங்கள். வயலில் இடைவெளி விட்டால் புல் வரும், தொட்டியில் பாசி வரும். குளத்தில் பிடுங்கிய செடியென்றால் இளம் ரோசா நிறத்தில் கரைத்த பொற்றாசியம் பரமங்கனேற்று நீரில் 10 நிமிடம் வைத்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தும்பிப் புழுவும் அட்டையும் கூடவே வரும். தும்பிப் புழு சின்ன மீனைப் பிடித்துத் தின்னும். ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

நடும்போது தொட்டியில் நாலு அங்குலத் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். ஒரு சாப்பாட்டுப் பீங்கானை மணல்மேல் வைத்து அதில் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. வேரைக் கத்தரித்து இரண்டு அங்குலமாக்கி, நீண்ட சாமணத்தால் மணலுக்குள் செருகுங்கள். குருத்து மணலுக்கு மேலே நிற்கவேண்டும். பிறகு அதே பீங்கானில் ஊற்றி நிரப்புங்கள்.

ஒரு கிழமையில் கிரிப்டோகொரைன் இலையெல்லாம் கூழாகிக் கரையும். மகன் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்தான், "பெரியம்மா, செடியும் செத்துட்டு." சாகவில்லை. இடம் மாறினால் பழைய இலையை உதிர்ப்பது அதன் பழக்கம். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். மூன்று நாலு கிழமையில் புதுக் குருத்து வரும். பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால்தான் உண்மையில் சாகும்.

வெளிச்சத்துக்கு 10, 12 வாற்று வெள்ளை எல்ஈடி போதும். முதல் மாதம் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம், பிறகு 8. ஆசையில் இரவெல்லாம் எரியவிட்டால் பாசிதான் வளரும். பில்டருக்குக் காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கி, தரையெல்லாம் ஓடும். ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவவேண்டாம், குளோரின் பற்றீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மறுகா, காத்திருப்பு. முதல் இரண்டு கிழமை மண்ணிலிருந்து சத்து அதிகம் கசியும், கிழமைக்கு இரண்டு தரம் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் கொச்சிக்காய்க்கும் ஊற்றுங்கள். மணலிலிருந்து குமிழி வந்து கூழ்முட்டை நாற்றம் அடித்தால், ஓர் ஈர்க்கை எடுத்து அங்கங்கே மெல்லக் குத்திவிடுங்கள்.

இந்த நாட்களில் மீன் இல்லாத தண்ணீர் என்பதால் நுளம்பு முட்டையிடும். பற்றீரியா பெருக ஒரு மாதம், நுளம்பு பறக்கப் பத்து நாள். குளிர் நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் இது இருக்காது. தொட்டி வாயை வலையால் மூடுங்கள். செடி பிடித்து நின்றால், மூன்றாம் கிழமை மூன்று ஆண் கப்பி மீன்களை மட்டும் விடுங்கள், நுளம்புப் புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும். தீனி கிள்ளுப் போலப் போதும்.

ஆறாம் கிழமைக்குப் பிறகு மற்ற மீன். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் கப்பியும் பிளாட்டியும் சந்தோஷமாக இருக்கும். மென்மையான தண்ணீரென்றால் எட்டு செரி பார்ப். அதுவும் இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன், பச்சைச் செடிக்கு நடுவில் அதன் சிவப்பைப் பார்க்கவேண்டும். டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் வேண்டாம், ஓர் அடிக்கு மேல் வளரும், செடியைக் கிண்டிப்போடும், பிறகு யாராவது அதைக் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள். எந்த மீனானாலும் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்த பின் மீனை மட்டும் விடுங்கள்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் என் தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லை. செடி நிறைய, மீன் குறைய. பகலில் யன்னலைத் திறந்தால் அந்த வெளிச்சத்திலேயே செடி ஒட்சிசன் கொடுக்கும். இரவில் செடியும் ஒட்சிசனைத்தான் எடுக்கும், அப்போது ஒரு கோப்பையால் அள்ளி அரை அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத நாளில் தீனியும் போடவில்லை.

கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் 31, 32 பாகைக்கு ஏறும். மூடியை எடுத்துவிட்டு, வலை மட்டும் போட்டு, சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் அடிக்கவிட்டால் இரண்டு பாகையாவது இறங்கும். ஆவியாகிப் போன அளவுக்குச் சேமித்த மழைத் தண்ணீர் ஊற்றுவது நல்லது, ஏனென்றால் உப்புகள் ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கும்.

மகனின் தொட்டிக்கு இப்போது நாலு மாதம். வென்டி மணலுக்கடியில் கொடி ஓடி, முன்கண்ணாடிப் பக்கம் ஐந்து கன்று வந்திருக்கிறது. கன்றுக்கு நாலு இலை வரும்வரை வெட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வந்த பிறகு கொடியைக் கத்தரிக்கோலால் துண்டித்து, வேரோடு தூக்கி, ஈரப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டால் இரண்டு நாள் தாங்கும். முதல் கன்று அவனுடைய வகுப்புச் சிநேகிதனுக்காம். அந்தப் பிள்ளை இப்போதே வளவு மண்ணை ஊறவைத்துக் காத்திருக்கிறான்.