மட்டக்களப்பில் ஒரு பழைய காலத்துக் கொலைக்கதை: துப்பறியும் தம்பதியை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவனும் மனைவியும் சேர்ந்து துப்பறிகிறார்கள், காலம் நூறு வருடத்துக்கு முந்தியது, களம் மட்டக்களப்பு. இப்படி எழுதப்பட்ட சில கைப்பிரதிகளை நண்பர்கள் வாசிக்கத் தந்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். கணவன் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) வேலை முடிந்து தன் வீட்டுக்கு வருகிறான். மனைவி மாமியாருக்குப் பயந்து அடுக்களை மூலையில் நிற்கிறாள்.

மட்டக்களப்பில் அது அவன் வீடு இல்லை, அவளுடைய வீடு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும். மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் சில காலத்தில் இளையவர்களோடு பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு மாறிவிடுவார்கள். தமிழர் ஊரிலும் சோனகர் (முஸ்லிம்கள்) ஊரிலும் இதுதான் வழக்கம். அந்த வீட்டில் பயந்து நடக்க வேண்டியவன் மருமகன்தான். புதிதாக வந்தவன், மாமியின் கையால் சாப்பிடுகிறவன். இந்த ஒன்றைத் திருத்தினால் கதையில் பாதி தானாகவே திருந்திவிடும். ஏனென்றால் கொலைக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது.

தகப்பன் சொத்துக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டார்கள் என்று எழுதுவது எளிது. இங்கே அது அவ்வளவு இலேசில் நிற்காது. வீட்டுக்காக மனைவியைக் கொன்ற கணவன் என்பதும் அப்படித்தான். வழக்கப்படி அவள் செத்தால் வீடு மகள்களுக்குப் போகும், அவனுக்கு என்ன மிச்சம்? கதையை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோனால் முக்குவர் சட்டம் இருக்கிறது, முக்குவர் என்ற இங்குள்ள சமூகத்தின் பெயரால் வழங்கிய பழைய வழக்குச் சட்டம். அதன்படி ஒருவனுடைய முதுசம் (பரம்பரைச் சொத்து) அவன் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். 1876இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் அதை மாற்றியது. நான் இந்தக் கதையை எழுதினால் அந்த ஆண்டை ஒட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் நேற்றுவரை மாமனின் காணி தனக்குத்தான் என்று நம்பி வளர்ந்த சகோதரி மகன். மறுபக்கம் இனி தகப்பனின் காணி தனக்கு என்று தெரிந்துகொண்ட மகன். நடுவே வயலில் செத்துக் கிடக்கும் போடியார், அதாவது பெரிய வயற்காரர். இதை விட்டுவிட்டு வேறு ஊர்க் காரணங்களைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது குடி, அதாவது தாய்வழியில் வரும் வம்சப் பிரிவு. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை, பிள்ளைகள் தாயின் குடி. அப்படியானால் உங்கள் துப்பறியும் தம்பதி கட்டாயம் இரண்டு குடிக்காரர்கள். அவளுக்குத் திறக்கிற கதவு அவனுக்குத் திறக்காது, அவனிடம் பேசுகிற ஆள் அவளைக் கண்டால் வாயை மூடிக்கொள்வான். கோயில் திருவிழா உரிமையில் ஒரு தகராறு வந்து, கோயில் நிர்வாகியான வண்ணக்கர் மேல் சந்தேகம் விழுகிறது என்று வையுங்கள். அவர் அவளுடைய தாய்மாமன். அன்று இரவு கணவன் எந்த வீட்டில் படுத்திருக்கிறான்? அவள் வீட்டில். அவன் என்ன கேட்பான், அவள் எதைச் சொல்லாமல் விடுவாள்? தம்பதி என்ற ஏற்பாட்டின் பலனே இதுதான். மனைவியைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு "நீங்க கெட்டிக்காரர்" என்று சொல்லும் ஆளாக்கினால், அவளைக் கதையில் வைத்திருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவள் எதைக் காண்பாள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செத்த வீடு. கணவன் வாசலில் ஆண்களோடு நிற்கிறான். அவள் உள்ளே பெண்களுக்கு நடுவில் இருக்கிறாள். ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் அவள் கண் மூலையில் இருக்கும் வெற்றிலை வட்டாவில் (வெற்றிலை வைத்து நீட்டும் தட்டு) படுகிறது. பித்தளை பளபளவென்று இருக்கிறது, அடிப்பகுதி மடிப்பில் மட்டும் புளி இன்னும் காயாமல் ஒட்டியிருக்கிறது. செத்தவரின் பெண்சாதி "ராத்திரி வீட்டுக்கு ஒருத்தரும் வரல்ல" என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் சொல்லியிருக்கிறாள். தினம் வந்துபோகும் சொந்தக்காரருக்கு யாரும் வட்டாவைப் புளி போட்டுத் துலக்கி எடுத்து வைப்பதில்லை. மரியாதைக்குரிய யாரோ ஒருவர் வருவார் என்று இந்த வீடு நேற்று எதிர்பார்த்திருக்கிறது. வாசலில் நிற்கும் கணவன் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இது அவன் கண்ணுக்கு வராது.

அவனுக்கும் சமமான இடம் கொடுக்க வேண்டும். களவெட்டியில் (நெற்களத்தில்) சூடு மிதிக்கும்போது வழக்கமான பேச்சு பேச மாட்டார்கள், அதற்கென்று தனிச் சொற்கள் உண்டு. நெல் அங்கே பொலி. அறுவடைக் காலம் முழுவதும் களவெட்டியில்தான் கிடந்தேன் என்று சாதிக்கிற ஒருவன் பேச்சுவாக்கில் அங்கே நின்றபடியே "நெல்" என்று சொன்னால், வயல் வேலையாட்களின் தலைவரான முல்லைக்காரர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பைக் கணவன் கவனித்தால் போதும்.

அப்புறம், அந்தக் காலத்தில் இல்லாத பொருட்கள். கல்லடிப் பாலம் 1924இல்தான் வந்தது. அதற்கு முன் பட்டணம் இருக்கும் புளியந்தீவிலிருந்து கல்லடிக்குத் தோணியில்தான் போக வேண்டும். அப்படியென்றால் கொலைகாரன் இரவில் கடந்தால் தோணிக்காரன் ஒரு சாட்சி. 1910இல் நடக்கும் கதையில் அவன் சைக்கிளில் பாலத்தைக் கடந்தால் அந்தச் சாட்சியை நீங்களே அழித்துவிட்டீர்கள். கோச்சி (ரயில்) வந்தது 1928இல். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல், அதுவரை கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டம்தான். கிராம சேவகர் என்ற பதவி 1963இல் வந்தது. பழைய கதையில் பிணத்தைப் பார்க்க முதலில் வருகிறவர் விதானையார், அவருக்கு மேலே உடையார், அதற்கும் மேலே வன்னிமை. 1872க்கு முன் என்றால் ரூபாய் சதக் கணக்கும் எழுதாதீர்கள்.

விஞ்ஞானத்திலும் இதே கவனம் வேண்டும். மனித இரத்தமா மிருக இரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனை ஜெர்மனியில் 1901இல்தான் வந்தது. 1890இல் சாரத்தில் (லுங்கியில்) கறையோடு பிடிபட்டவன் "ஆடு அறுத்தேன்" என்று சொன்னால் எந்த டாக்டராலும் மறுக்க முடியாது. கைரேகைக்கென்று ஒரு பணியகம் கல்கத்தாவில் தொடங்கியதே 1897இல். இதைக் குறை என்று நினைக்காதீர்கள். சோதனை இல்லாத காலத்தில்தான் அந்த வட்டாவுக்கு மதிப்பு.

பேச்சு வழக்கு பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். கணவனும் மனைவியும் யாழ்ப்பாணத்து "இஞ்சாருங்கோ"வில் பேசினாலும் சென்னை நாடகப் பாணியில் பேசினாலும் ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். "என்னகா", "மறுகா" போன்ற மட்டக்களப்புச் சொற்கள் எல்லாம் அளவோடு வரட்டும், வரிக்கு வரி திணிக்க வேண்டாம். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள், "இஞ்ச பாருங்க" என்றால் போதும்.

கடைசியாக வாவி. மட்டக்களப்பு என்றதும் எல்லோரும் பிணத்தை அங்கேதான் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் மாதம் பார்த்துப் போடுங்கள். மழையில்லாத மாதங்களில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், அப்போது கடலின் வற்றுப்பெருக்கு உள்ளே வராது. ஆகவே வற்றும் நீர் பிணத்தைக் கடலுக்கு இழுத்துப் போனது என்று யூலை மாதத்தில் எழுத முடியாது. அது போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மிதக்கும். மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டித் திறந்த பிறகு என்றால் கதை வேறு, ஓர் இரவில் கடலுக்குப் போய்விடும். இந்த வாவிக்குப் பேர்போன, நீருக்கடியில் கேட்கும் பாடும் மீனின் ஓசையும் அப்படித்தான். அமைதியான நிலவு இரவில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துத்தான் கேட்பார்கள். மார்கழி வெள்ளத்தில் கரையில் நடந்துபோகிறவன் மீன் பாட்டைக் கேட்டேன் என்று சாட்சி சொன்னால், ஒன்றில் அவன் பொய் சொல்கிறான், அல்லது எழுதியவர் வாவிப் பக்கம் வந்ததில்லை. முதலாவதாக இருந்தால் அதை மனைவி கண்டுபிடிக்கட்டும். அவள் வீடு அந்தக் கரையில்தானே இருக்கிறது.