விமான தூரம், பயண நேரம்: கணக்கு தப்பும் இடங்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பயண நேரமும் நாலு, நாலரை மணிக்குள்தான். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இரவு 10 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால், சிங்கப்பூர் டிக்கெட்டில் 4:45 என்றும் துபாய் டிக்கெட்டில் 12:45 என்றும் இருக்கும். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தை நேராகக் கழித்துவிட்டு, "இந்த விமானம் சீக்கிரம் போகுது" என்று நினைத்து டிக்கெட் எடுப்பவர்கள் நிறையப் பேர். லண்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: கோடையில் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

பணத்தையே பறிகொடுக்க வைப்பது நள்ளிரவு விமானம். 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி இரவு 9 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். அழைத்துப்போக வருகிறவர்களுக்கும் இதே குழப்பம்தான். அதனால் வீட்டில் சொல்லும்போது தேதியோடு கிழமையையும், "ஞாயிறு ராத்திரி கிளம்பணும்" என்கிற மாதிரி, சொல்லிவிடுங்கள்.

தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து நேரம் கண்டுபிடிப்பதும் சரிவராது. அந்த வேகம் உயரத்தில் போன பிறகுதான். டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்திருக்கும். அப்புறம் காற்று. நியூயார்க்கிலிருந்து லண்டன் வர சுமார் ஏழு மணி நேரம், திரும்பிப் போக எட்டு. மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் பலத்த காற்றுதான் காரணம். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில், ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் வந்து சேர்ந்தது.

இணையத்தில் காட்டும் தூரம் பெரும்பாலும் உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. விமானம் அப்படியே போவதில்லை. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானத்தில் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நம்பகமான நேரம் வேண்டுமென்றால், விமானம் கண்காணிக்கும் தளங்களில் அதே எண்ணுள்ள விமானம் போன வாரம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள்.

அலகையும் கவனியுங்கள். சென்னை–சிங்கப்பூர் சாதாரண மைலில் சுமார் 1,820, விமானத் துறை பயன்படுத்தும் கடல் மைலில் சுமார் 1,580.

மாறிப் போகும் பயணத்தில், தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இடையில் இரண்டு மணி நேரம் போதாது. பெரும்பாலும் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்‑இன் செய்ய வேண்டியிருக்கும். சில ஊர்களில் அதற்கு விசாவும் கேட்பார்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது.